மூன்றாம் வாரம்: பிராசஸ்

அங் மோ கியோவில், இரவு ஏழு மணிக்கு,
குளிரூட்டி மட்டும் உற்சாகமாய் இருக்கும் வகுப்பறை.
பகலெல்லாம் ஈசூன் மருந்தகத்தில்
டோக்கன் எண் கூப்பிட்ட தொண்டை எனக்கு.
பக்கத்தில் ஷாஃபிகா,
பேருந்துப் பணிமனைச் சட்டையும் கறிபஃப் வாசனையுமாய்.
முன்னால் திரு. கோ.
பேசும்போது மூக்குக்கண்ணாடியைத் துடைப்பவர்,
துடைத்தபின் மாட்ட மறப்பவர்.

'ஒரே ஒரு சிபியு' என்றார்.
'வரிசையில் நிற்பவையோ முந்நூறு.
ஆளுக்குப் பத்து மில்லிசெகண்ட்.
நேரம் முடிந்ததும் எழுந்துவிட வேண்டும்,
வாக்கியம் பாதியில் கிடந்தாலும்.
எழுமுன் குறித்து வைக்க வேண்டும்:
எந்த வரியில் நின்றோம், கையில் என்ன இருந்தது.
திரும்பி வரும்போது
போய்வந்ததே தெரியக் கூடாது.'

எட்டு வருடக் கல்யாணத்திலிருந்து
நான் எதையும் குறித்து வைக்காமல் எழுந்து வந்தேன்.
எந்த வரி என்று
இன்னும் தேடுகிறேன்.

லாக் என்றால் என்ன என்று
வெண்பலகையில் எழுதவில்லை அவர்.
இடைவேளையில் உணவங்காடிக்கு அழைத்துப்போனார்.
மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்.
நான்கு நாற்காலியும் காலி.
தட்டேந்தி அத்தனை பேர் அலைந்தும்
ஒருவரும் உட்காரவில்லை.
'இதுதான்' என்றார்.
'இரும்பில்லை, சாவியில்லை.
எல்லாரும் மதிப்பதால் மட்டுமே பூட்டு.'
'வைத்தவர் திரும்பி வராவிட்டால்?'
ஷாஃபிகா கேட்டாள்.
கண்ணாடியைக் கழற்றினார்.
'அது ஆறாவது வாரம்.'
மீ கோரெங்கை நின்றபடியே தின்றோம்.

ஆய்வகத்தில் ஃபோர்க்.
ஒரே வரி, ஒன்று இரண்டாகிறது.
தாய்க்குப் பிள்ளையின் எண் கிடைக்கிறது,
பிள்ளைக்குப் பூஜ்யம்.
இதைவிடச் சுருக்கமாய் யாரும்
ஒரு பிரசவத்தைச் சொல்லிவிட முடியாது.

என் நிரலில் வெயிட் விட்டுப்போயிற்று.
பிள்ளை வேலையை முடித்தது,
நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்தது,
திறந்த கோப்புகளை மூடியது,
பட்டியலைவிட்டு மட்டும் போகவில்லை.
'ஸோம்பி' என்றார் திரு. கோ, என் தோளுக்குப் பின்னிருந்து.
'செத்துவிட்டது. இனிமேல் கொல்ல முடியாது.
கையில் ஒரே ஓர் எண் வைத்திருக்கிறது,
எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்.
நலமாய் முடிந்தால் பூஜ்யம்.
தனக்கில்லாத இடத்தைத் தொட்டுச் செத்திருந்தால் பதினொன்று.
பெற்றது ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், போய்விடும்.'

கில் மைனஸ் ஒன்பது அடித்தேன்.
நின்றது.
மறுபடி அடித்தேன். மறுபடி.
ஷாஃபிகா என் கையைப் பிடித்து
விசைப்பலகையிலிருந்து எடுத்தாள்.

மார்சிலிங் வீட்டுக்கு நான் திரும்பி
பதினான்கு மாதம்.
அன்று அம்மா பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள்,
சோறு போட்டாள்,
மின்விசிறியை என் பக்கம் திருப்பினாள்.
அதன்பின் மின்கட்டணம் பேசியிருக்கிறோம்,
புகைமூட்டம், லிஃப்ட் பழுது,
ஆறாம் மாடிப் பூனை.
அதைப் பேசியதில்லை.
கேட்டால் உடைவேன் என்று அவள்,
கேட்கட்டும் என்று நான்.
சாப்பாட்டு மேசையில் எங்கள் நடுவே
யாரோ வைத்துப்போன டிஷ்யூ பாக்கெட்.

இன்றிரவு கதவைத் திறந்தபோது
என் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.
'கிளாஸ்ல என்ன?'
வழக்கமாய் 'ஒண்ணுமில்லம்மா' என்பேன்.
இன்று சொன்னேன்: இரண்டாகும் வரி,
பட்டியலில் நிற்கும் பிள்ளை,
அதன் கையிலிருக்கும் எண்.
இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.
சட்டையின் ஒரு கை சுருக்கத்தோடு தொங்கியது.

வெகுநேரம் கழித்து,
'உன்னோடது என்ன நம்பர்?' என்றாள்.

'பதினொண்ணும்மா.'

சுவரில் பிளக்கை அணைத்தாள்.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
'அப்படின்னா?'